வாசிக்கப்படாத பதினான்காவது வால்ட்ஸ்

மேற்கத்திய இசையைப் புதிதாகச் செவிமடுக்கத் தொடங்குபவர்களிடம் ஒரு வாய்பாடு சீக்கிரமே படிந்துவிடுகிறது. மேஜர் ஸ்கேல் என்றால் மகிழ்ச்சி, மைனர் ஸ்கேல் என்றால் சோகம். வேகமாக ஒலித்தால் உற்சாகம், மெதுவாக ஒலித்தால் ஏக்கம். பியானோ வகுப்புக்குச் செல்லும் பிள்ளைகளுக்குத் தொடக்க நிலையில் இப்படித்தான் சொல்லித் தரப்படுகிறது. காதால் கேட்டு மேஜரா மைனரா என்று தேர்வில் பதில் சொல்ல இது போதும். ஆனால் ஓர் உண்மையான இசைத்தட்டைச் சுழலவிட்டு உட்காரும்போது இந்த வாய்பாடு எவ்வளவு தூரம் உதவுகிறது? ஓர் ஒலிப்பதிவில் கேட்கும் சோகம் சுரத்தில் இருக்கிறதா, வேகத்தில் இருக்கிறதா, வாசித்தவரின் விரலில் இருக்கிறதா, அல்லது கேட்பவரின் மனத்தில் ஏற்கெனவே இருந்ததா?

இந்தக் கேள்விக்கு விடை தேட ஒரு குறிப்பிட்ட இசைத்தட்டு மிகவும் பொருத்தமானது. ருமேனிய நாட்டுப் பியானோ கலைஞர் டினு லிப்பாட்டி, 1950ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஜெனீவாவில் பதிவு செய்த ஷோப்பானின் 14 வால்ட்ஸ்களே அவை. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் பதிவு மறுபடி மறுபடி வெளியிடப்பட்டு வருகிறது. அதைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் இசையில் தொடங்குவதில்லை. லிப்பாட்டியின் நோயில்தான் தொடங்குகிறார்கள். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

மூன்று அடி

முதலில் வால்ட்ஸ் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஒரு சுற்றுக்கு மூன்று அடி. முதல் அடி கனமானது, அடுத்த இரண்டும் இலேசானவை. பியானோவில் இடது கை முதல் அடிக்குக் கீழ்ச்சுரம் ஒன்றைத் தொட்டுவிட்டு, இரண்டாவது மூன்றாவது அடிகளுக்கு மேலே தாவி இரண்டு மூன்று சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும். மூன்று எண்ணிக்கை தமிழ் இசை நேயர்களுக்குப் புதியதன்று. ரூபக தாளத்தை இரண்டு தட்டு, ஒரு வீச்சு என்று போட்டுப் பழகிய கைகளுக்கு இது எளிதில் பிடிபடும். ஆனால் வால்ட்ஸ் கைக்கு உரிய தாளமன்று, காலுக்கு உரியது. ஆணும் பெண்ணும் கைகோத்துச் சுழன்று ஆடுவதற்காகப் பிறந்தது. இன்றைய நடனப் போட்டிகளில் வியன்னா வால்ட்ஸ் நிமிடத்துக்கு ஏறக்குறைய 60 சுற்று வேகத்தில் ஆடப்படுகிறது. அதாவது நிமிடத்துக்கு 180 அடி. மெது வால்ட்ஸ் என்று சொல்லப்படுவது அதில் பாதி வேகமே.

1830ஆம் ஆண்டின் இறுதியில் இளைஞர் ஷோப்பான் வியன்னாவுக்குச் சென்றபோது அந்த நகரமே வால்ட்ஸ் பித்துப் பிடித்துக் கிடந்தது. மூத்த ஸ்ட்ராஸும் லானரும் அங்கே கொடிகட்டிப் பறந்தனர். பதிப்பாளர்கள் வால்ட்ஸைத் தவிர வேறெதையும் அச்சிட முன்வருவதில்லை என்று அவர் ஊருக்கு எழுதிய கடிதங்களில் குறைப்பட்டுக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், அப்படிக் குறைப்பட்டவரே பிற்காலத்தில் வால்ட்ஸ்களை எழுதினார். ஆனால் அவை ஆடுவதற்கான வால்ட்ஸ்கள் அல்ல. வேகம் திடீரென்று கூடும், திடீரென்று குறையும். ஆடுபவர் தடுக்கித்தான் விழுவார்.

தம் வாழ்நாளில் அவர் அச்சில் வெளியிட்டவை எட்டு மட்டுமே. அவர் 1849இல் பாரிஸில் மறைந்த பிறகு, நண்பர் ஃபோண்டானா 1855இல் ஐந்தை வெளியிட்டார். ஈ மைனரில் அமைந்த இன்னொன்று 1868இல் வந்தது. ஆக மொத்தம் 14. பின்னர் வேறு சிலவும் கண்டெடுக்கப்பட்டன என்றாலும், லிப்பாட்டியின் காலத்தில் ஷோப்பானின் வால்ட்ஸ்கள் என்றால் இந்தப் பதினான்குதான்.

ஜெனீவாவில் ஒரு ஜூலை மாதம்

லிப்பாட்டி 1917இல் புக்காரெஸ்ட் நகரில் பிறந்தவர். ருமேனியாவின் மாபெரும் இசைமேதை ஜார்ஜ் எனெஸ்கு அவருக்கு ஞானத்தந்தை. 1933இல் வியன்னாவில் நடந்த பியானோ போட்டியில் அவருக்கு இரண்டாம் பரிசு கொடுக்கப்பட்டபோது, நடுவர்களில் ஒருவரான பிரெஞ்சுக் கலைஞர் ஆல்ஃபிரட் கோர்த்தோ அதை ஏற்காமல் நடுவர் குழுவிலிருந்தே விலகினார். பின்னர் அந்த இளைஞரைப் பாரிஸுக்கு வரவழைத்துத் தம்மிடமே பயிலச் செய்தார். போர்க் காலத்தில், 1943இல், லிப்பாட்டி ஜெனீவாவில் குடியேறினார். அங்குள்ள இசைப்பள்ளியில் ஆசிரியரானார். ஏறத்தாழ அதே காலத்தில்தான் நோயும் தலைகாட்டியது. அது ஹாட்ஜ்கின் நோய் என்று பின்னர் தெரியவந்தது. நிணநீர் மண்டலத்தைப் பற்றும் புற்றுநோய் அது. இன்று பெரும்பாலானவர்களுக்குக் குணமாக்கக்கூடிய நோய்களில் ஒன்று. அன்று அப்படி இல்லை.

1950இல் கார்ட்டிசோன் என்ற மருந்து புதிதாக வந்திருந்தது. அதைக் கண்டறிந்தவர்களுக்கு அந்த ஆண்டுதான் நோபல் பரிசே வழங்கப்பட்டது. அந்த மருந்து லிப்பாட்டிக்குச் சில வாரங்கள் தெம்பைத் திருப்பிக் கொடுத்தது. இந்த இடைவெளியைத் தவறவிடக் கூடாது என்று இசைத்தட்டுத் தயாரிப்பாளர் வால்ட்டர் லெக் தம் குழுவினருடனும் கருவிகளுடனும் ஜெனீவா வந்து சேர்ந்தார். ஜூலை மாதத்தின் முதற்பாதியில், வானொலி நிலையத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில், பாஹ்கின் பார்ட்டீட்டா ஒன்றும் மோட்ஸார்ட்டின் ஏ மைனர் சொனாட்டாவும் ஷோப்பானின் 14 வால்ட்ஸ்களும் பதிவாகின.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். லிப்பாட்டி இந்த வால்ட்ஸ்களை அச்சு எண் வரிசையில் வாசிக்கவில்லை. தமக்கென ஒரு வரிசையை அமைத்துக்கொண்டார். எஃப் மேஜரில் துள்ளும் குட்டி வால்ட்ஸ் ஒன்றில் தொடங்கி, இடையில் மைனர் வால்ட்ஸ்களையும் மெதுவானவற்றையும் வைத்து, கடைசியில் ஈ ஃபிளாட் மேஜர், அதன்பின் ஏ ஃபிளாட் மேஜர் என்று இரண்டு பெரிய, பிரகாசமான வால்ட்ஸ்களில் முடித்தார். மேற்கத்திய இசையில் ஈ ஃபிளாட் என்பது ஏ ஃபிளாட்டுக்குப் பஞ்சமம். பஞ்சமத்தில் நின்றால் காது ஷட்ஜத்தை எதிர்பார்க்கும். பதின்மூன்றாவது வால்ட்ஸ் முடிந்து பதினான்காவது தொடங்கும்போது வீட்டுக்கு வந்து சேர்ந்த உணர்வு கிடைப்பது அதனால்தான். இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

சி ஷார்ப் மைனர்

பதினான்கில் மிகப் பலரும் அறிந்தது ஓபஸ் 64, எண் 2. சி ஷார்ப் மைனரில் அமைந்தது. 1847இல் வெளியானது. ஷோப்பான் வெளியிட்ட கடைசி மூன்று வால்ட்ஸ்களில் இதுவும் ஒன்று. நேரம் இருப்பவர்கள் இந்த ஒன்றை மட்டும் நான்கைந்து முறை கேட்டாலே போதும், இந்தக் கட்டுரையில் பேசப்படும் பெரும்பாலான செய்திகள் அதிலேயே அடங்கியிருக்கின்றன.

அதில் மூன்று பகுதிகள் வருகின்றன. முதற்பகுதிக்கு ஷோப்பான் எழுதிவைத்த வேகக் குறிப்பு 'டெம்போ ஜூஸ்டோ'. சரியான வேகம் என்று பொருள். எது சரி என்று அவர் சொல்லவில்லை, வாசிப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்! மெட்டு மேலிருந்து படிப்படியாகக் கீழே இறங்குகிறது, அரைச்சுரம் அரைச்சுரமாக, பெருமூச்சு விடுவதுபோல. இரண்டாம் பகுதிக்கு 'பியூ மோஸ்ஸோ', அதாவது இன்னும் சற்று விரைவாக. ஒரு சுற்றுக்கு ஆறு சுரம் என்ற கணக்கில் வலது கை நிற்காமல் சுழல்கிறது. மூன்றாம் பகுதிக்கு 'பியூ லெண்டோ', இன்னும் சற்று மெதுவாக. இங்கே ஸ்கேலும் மாறுகிறது: டி ஃபிளாட் மேஜர். பிறகு சுழலும் பகுதி, முதற்பகுதி, மீண்டும் சுழலும் பகுதி. கடைசியில் அந்தச் சுழற்சி மேலே ஏறி மெல்லக் கரைந்துவிடுகிறது. பெரிய முத்தாய்ப்பு எதுவும் கிடையாது.

பியானோவில் சி ஷார்ப்பும் டி ஃபிளாட்டும் ஒரே கட்டைதான். ஒரே கறுப்புக் கட்டைக்கு இரண்டு பெயர். அப்படியானால் சி ஷார்ப் மைனரிலிருந்து டி ஃபிளாட் மேஜருக்குப் போகும்போது ஆதார சுரம் நகரவே இல்லை. முக்கியமாக மாறியது காந்தாரம். மைனரில் அது ஆதார சுரத்திலிருந்து மூன்று அரைச்சுரத் தொலைவில் இருக்கும், கர்நாடக இசையில் சாதாரண காந்தாரம் என்று சொல்லப்படுவது. மேஜரில் அது நான்கு அரைச்சுரத் தொலைவுக்கு, அந்தர காந்தாரத்துக்கு, ஏறிவிடுகிறது. நடபைரவியிலிருந்து சங்கராபரணத்துக்கு ஆதார சுருதியை மாற்றாமல் தாண்டுவது போன்ற வேலை இது. அதே அறை, அதே நாற்காலி, சன்னல் மட்டும் திறக்கிறது. ஷோப்பானுக்கு இந்த இணை மிகவும் பிடித்தமானது. அவருடைய ஃபேன்டஸி-இம்ப்ராம்ப்ட்டு என்ற பிரபலமான இசையும் சி ஷார்ப் மைனரில் ஓடி, நடுவில் டி ஃபிளாட் மேஜரில் இளைப்பாறுகிறது.

மைனர் சோகம், மேஜர் மகிழ்ச்சி என்ற வாய்பாட்டை இங்கே வைத்துப் பார்க்கலாம். மேஜரில் வரும் நடுப்பகுதிதான் மிக மெதுவானது. மைனரில் வரும் சுழலும் பகுதிதான் மிக வேகமானது. ஸ்கேல் ஒரு பக்கம் இழுக்கிறது, வேகம் மறுபக்கம் இழுக்கிறது. கேட்பவருக்குக் கிடைப்பது இன்ன உணர்வு என்று ஒரே சொல்லில் அடக்க முடியாத ஒன்று. நடுப்பகுதியில் ஆறுதல் இருக்கிறது, ஆனால் நடந்து முடிந்த ஒன்றை நினைத்துப் பார்க்கும் ஆறுதலாக அது ஒலிக்கிறது. சுழலும் பகுதியில் ஆட்டம் இருக்கிறது, ஆனால் ஆடுபவரின் முகம் தெரிவதில்லை.

லிப்பாட்டி இதை எப்படி வாசிக்கிறார்? பலர் எதிர்பார்ப்பதற்கு மாறாக, அவர் கண்ணீர் வடிப்பதில்லை. இடது கை நடந்துகொண்டே இருக்கிறது. வலது கை சற்றுத் தாமதிக்கிறது, சற்று முந்துகிறது, ஆனால் கால் தரையை விட்டு விலகுவதில்லை. இடது கை இசைக்குழு நடத்துநரைப்போல் காலத்தைக் காக்க வேண்டும், வலது கை விரும்பியபடி உலவலாம் என்று ஷோப்பான் தம் மாணவர்களுக்குச் சொல்லி வந்ததாக அந்த மாணவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். லிப்பாட்டியின் பதிவு அந்தப் பாடத்துக்கு உதாரணம் என்றே சொல்லலாம். அவருடைய ஆசான் கோர்த்தோ 1934இல் இதே வால்ட்ஸ்களைப் பதிவு செய்திருக்கிறார். அவரிடம் காலம் இன்னும் தாராளமாக நெகிழும், உணர்ச்சி மேலே தெரியும். 1963இல் பதிவு செய்த ஆர்த்தர் ரூபின்ஸ்டைனிடம் ஒரு பெரியவரின் நிதானம் இருக்கிறது. மூன்று பேரும் ஒரே ஏட்டைத்தான் வாசிக்கிறார்கள். சுரமும் ஸ்கேலும் மாறவில்லை. அவர்கள் ஒவ்வோர் அடியிலும் எவ்வளவு நேரம் தங்குகிறார்கள் என்பதுதான் மாறுகிறது. மூன்று அடியில் எந்த அடியைச் சற்று நீட்டுவது என்ற அந்தச் சின்ன முடிவு, சராசரி வேகத்தைவிட அதிகமாக மனநிலையைத் தீர்மானிக்கிறது.

மேஜரில் ஒரு விடைபெறல்

வாய்பாட்டை முழுவதுமாக உடைக்கும் வால்ட்ஸ் வேறொன்று இருக்கிறது. ஓபஸ் 69, எண் 1. ஏ ஃபிளாட் மேஜரில் அமைந்தது. விதிப்படி இது மகிழ்ச்சியாக இருக்க வேண்டும். ஆனால் உலகம் இதை 'விடைபெறும் வால்ட்ஸ்' என்றுதான் அழைக்கிறது. 1835இல் டிரெஸ்டன் நகரில் மரியா வோட்ஜின்ஸ்கா என்ற இளம்பெண்ணுக்கு ஷோப்பான் இதைக் கையால் எழுதிக் கொடுத்தார். திருமணப் பேச்சு எழுந்தது, பெண் வீட்டார் தயங்கினர், 1837 வாக்கில் எல்லாம் முடிந்துபோயிற்று. அந்தக் குடும்பத்துக் கடிதங்களை ஒரு கட்டாகக் கட்டி, அதன்மேல் தம் துயரம் என்று பொருள்படும் இரண்டு சொற்களை எழுதி வைத்திருந்தார். இந்த வால்ட்ஸை அவர் தம் வாழ்நாளில் அச்சிடக் கொடுக்கவே இல்லை.

மேஜரில் இருந்தும் இது ஏன் இப்படி ஒலிக்கிறது? மெட்டைக் கூர்ந்து கேட்டால் விடை கிடைக்கும். முதல் அடியிலேயே சுரம் அரைச்சுரப் படிகளில் வழுக்கிக் கீழே இறங்குகிறது. சி ஷார்ப் மைனர் வால்ட்ஸில் வரும் அதே பெருமூச்சுதான். மெதுவாகவும் வாசிக்கப்படுகிறது. மெட்டின் போக்கு ஸ்கேலை வென்றுவிடுகிறது.

லிப்பாட்டி தம் வரிசையில் இதையும் சி ஷார்ப் மைனரையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார். இது தற்செயலாக நடந்ததாகத் தோன்றவில்லை. மேஜரில் ஒரு பெருமூச்சு, உடனே மைனரில் ஒரு பெருமூச்சு. இரண்டையும் தொடர்ந்து கேட்பவருக்கு எந்த விளக்கமும் தேவைப்படாது.

இன்னொரு வேடிக்கை, ஓபஸ் 34 என்ற தொகுப்பு 1838இல் 'பிரகாசமான மூன்று வால்ட்ஸ்கள்' என்ற தலைப்பில் வெளியானது. அதில் இரண்டாவது ஏ மைனரில், மெதுவாக வாசிக்கும்படி எழுதப்பட்டது. மெட்டு இடது கையில், செல்லோ வாத்தியம் முனகுவதுபோல் தொடங்குகிறது. பிரகாசம் எங்கே என்று தேடத்தான் வேண்டும். பதிப்பாளர்களின் தலைப்பை நம்பினால் இப்படித்தான். 'மினிட் வால்ட்ஸ்' கதையும் இதே ரகம். ஒரு நிமிடத்தில் வாசித்து முடிக்க வேண்டிய வால்ட்ஸ் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மிகச் சிறியது என்ற பொருளில்தான் அந்தப் பெயர். அதை ஒரு நிமிடத்தில் முடிக்க நிமிடத்துக்கு 400க்கும் மேற்பட்ட அடி வேண்டும். நடன வேகத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்!

தட்டு வேகமாகச் சுழன்றால்

ஒலிப்பதிவைப் பற்றிப் பேசும்போது, மேடைக் கச்சேரியில் இல்லாத ஒரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. பழைய இசைத்தட்டுகளிலும் நாடாக்களிலும் வேகமும் சுருதியும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. நிமிடத்துக்கு 33⅓ முறை சுழல வேண்டிய தட்டு ஏறத்தாழ 35⅓ முறை சுழன்றால் வேகம் ஆறு விழுக்காடு கூடும். அதோடு சுருதியும் சரியாக ஓர் அரைச்சுரம் ஏறிவிடும். சி ஷார்ப் மைனர் வால்ட்ஸ் டி மைனர் ஆகிவிடும். மூன்றரை நிமிட இசையில் ஏறக்குறைய பன்னிரண்டு விநாடி காணாமல் போகும். பியானோவின் ஒலி மெலிந்து, பொம்மை வாத்தியம்போல் கேட்கத் தொடங்கும். வாசித்தவர் அவசரப்பட்டார் என்று கேட்பவர் நினைத்துக்கொள்வார். பழைய பதிவுகளைக் குறுந்தட்டுக்கு மாற்றும் தொழில்நுட்பர்கள் முதலில் சுருதியைச் சரிபார்ப்பது இதனால்தான். ஸ்கேல் சரியாக இருந்தால் வேகமும் சரியாக இருக்கிறது என்று பொருள். எண்ணிமப் பதிவு வந்த பிறகுதான் ஒன்றைத் தொடாமல் மற்றொன்றை எளிதாக மாற்ற முடிந்தது.

இதிலிருந்து இன்னொரு கேள்வி எழுகிறது. சி ஷார்ப் மைனருக்கென்று தனிக் குணம் ஏதாவது உண்டா? இன்றைய பியானோவில் பன்னிரண்டு அரைச்சுரங்களும் சம இடைவெளியில் இருப்பதால், எந்த மைனரும் கணக்கின்படி இன்னொரு மைனரின் நகல்தான். சற்று மேலே, சற்றுக் கீழே, அவ்வளவே. இருந்தும் வாசிப்பவருக்கு வேறுபாடு உண்டு, அது விரலில் தெரியும். ஷோப்பான் மாணவர்களுக்கு முதலில் கற்றுத்தந்த ஸ்கேல், பலரும் எளிது என்று கருதும் சி மேஜர் அன்று. கறுப்புக் கட்டைகள் நிறைந்த பி மேஜர். நீண்ட விரல்கள் கறுப்புக் கட்டைகளிலும் குட்டை விரல்கள் வெள்ளைக் கட்டைகளிலும் இயல்பாக அமரும் என்பது அவர் கருத்து. சி ஷார்ப் மைனரும் டி ஃபிளாட்டும் அப்படிக் கைக்கு வாகானவை. அந்த வழுவழுப்பு ஒலியிலும் வந்துவிடுகிறது.

செப்டம்பர் 16

ஜெனீவா பதிவு முடிந்து இரண்டு மாதம் கழித்து, 1950 செப்டம்பர் 16ஆம் தேதி, பிரான்ஸின் பெசன்சோன் நகர இசை விழாவில் லிப்பாட்டி மேடையேறினார். மருந்து தந்த தெம்பு அதற்குள் வடிந்திருந்தது. வாசிக்க வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். கொடுத்த வாக்கு கொடுத்ததுதான் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். பிரெஞ்சு வானொலி அந்தக் கச்சேரியைப் பதிவு செய்தது.

அந்தப் பதிவில் முதலில் கேட்பது பாஹ்க் அன்று. லிப்பாட்டி பி ஃபிளாட் மேஜரின் சுரங்களை ஒரு முறை மேலே விரித்து ஓடவிட்டுப் பார்க்கிறார். அடுத்து வரப்போகும் இசையின் ஸ்கேல் அது. பாடகர் தம்புராவைக் கேட்டுச் சுருதி சேர்த்துக்கொள்வதுபோல் ஒரு நொடி. பிறகு பார்ட்டீட்டா, மோட்ஸார்ட், ஷூபர்ட்டின் இரண்டு இசைகள். கடைசியாக வால்ட்ஸ்கள்.

பதின்மூன்று வால்ட்ஸ்களை வாசித்தார். பதினான்காவதுக்கு உடம்பில் வலு இல்லை. கடைசிக்கென்று வைத்திருந்த, ஏ ஃபிளாட் மேஜரில் அமைந்த ஓபஸ் 34, எண் 1 வாசிக்கப்படவே இல்லை. பதிவு ஈ ஃபிளாட் மேஜரில் நின்றுவிடுகிறது. பஞ்சமத்தில் நின்று, ஷட்ஜம் வராமல். சற்று நேரம் கழித்து அவர் மேடைக்குத் திரும்பி வந்து, பாஹ்கின் ஒரு தேவாலய இசையை மட்டும் வாசித்தார். அது பதிவில் இல்லை. டிசம்பர் 2ஆம் தேதி ஜெனீவாவில் அவர் உயிர் பிரிந்தது. வயது 33.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பதின்மூன்று வால்ட்ஸ்களை முன்போல் கேட்க முடியுமா? முடியாது என்பதே நேர்மையான பதில். ஒவ்வொரு மெதுவான அடியும் களைப்பாகத் தோன்றும். ஒவ்வொரு வேகமான சுற்றும் மரணத்தோடு பந்தயம் ஓடுவதாகத் தோன்றும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் நம்பினால், அங்கே கேட்பது வேறு. சுரங்கள் தெளிவாக விழுகின்றன. இரண்டாவதாக ஒலிக்கும் எதிரொலி மெல்லியதாக இருக்கிறது. ஓபஸ் 42இல் வலது கை இரண்டிரண்டாக எண்ண, இடது கை மூன்று மூன்றாக எண்ணும் அந்தக் குறும்பு சிறிதும் குழம்பாமல் நடக்கிறது. சாகப்போகிறவர் வாசிக்கிறார் என்று யாராவது சொல்லாவிட்டால் யாரும் சொல்லமாட்டார்கள்.

இது வெறும் ஊகமன்று. லிப்பாட்டியின் பெயரிலேயே இதற்கு ஒரு சோதனை நடந்துவிட்டது, யாரும் திட்டமிடாமலே. 1960களில் ஷோப்பானின் ஈ மைனர் பியானோ கான்செர்ட்டோ ஒன்று லிப்பாட்டி வாசித்தது என்று இசைத்தட்டாக வெளிவந்தது. காலஞ்சென்ற மேதையின் புதையல் என்று நேயர்கள் அதை ஆண்டுக்கணக்கில் போற்றினார்கள். 1981இல்தான் உண்மை வெளியாயிற்று. அதை வாசித்தவர் போலந்து நாட்டுக் கலைஞர் ஹலினா செர்னி-ஸ்டெஃபான்ஸ்கா. 1949இல் வார்சாவில் ஷோப்பான் போட்டியின் முதல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். 1950களில் அவர் பதிவு செய்த இசைத்தட்டும் இதுவும் ஒன்றே என்று வானொலியில் கேட்ட நேயர்கள் ஒப்பிட்டுக் கண்டுபிடித்தனர். அந்தப் பதிவில் லிப்பாட்டியின் இறுதிக்கால ஏக்கத்தைக் கேட்டவர்கள் எதைக் கேட்டார்கள்? நலமாக இருந்த ஓர் இளம்பெண்ணின் நல்ல வாசிப்பைக் கேட்டார்கள். உறையில் இருந்த பெயர் மீதியைச் செய்தது.

இதனால் கேட்பவர்களைக் குறை சொல்லத் தேவையில்லை. வாழ்க்கைக் கதை தெரிந்தால் அதைக் காதிலிருந்து துடைத்தெறிய யாராலும் ஆகாது. ஆனால் அந்தக் கதையை மட்டும் கேட்டுவிட்டு வாசிப்பைக் கேட்காமல் விடுவது, பல ஆண்டுகள் உழைத்து ஒவ்வோர் அடியையும் எடைபோட்டு வைத்த ஒரு கலைஞருக்குச் செய்யும் அநீதி. லிப்பாட்டி விட்டுச்சென்ற ஒலிப்பதிவுகள் மொத்தமே சில குறுந்தட்டுகளில் அடங்கிவிடும். அவை அவருடைய மருத்துவக் குறிப்பேடு அல்ல.

புதிதாகக் கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. முதலில் ஜெனீவா பதிவில் சி ஷார்ப் மைனர் வால்ட்ஸை மட்டும் கேட்கலாம், இடது கையை மட்டும் பின்தொடர்ந்து. இரண்டாம் முறை, சன்னல் திறக்கும் அந்த டி ஃபிளாட் இடத்துக்குக் காத்திருந்து கேட்கலாம். பிறகு கோர்த்தோவையும் ரூபின்ஸ்டைனையும் கேட்டுவிட்டு லிப்பாட்டியிடம் திரும்பலாம். வீட்டில் யாராவது உடன் இருந்தால் பெயரைச் சொல்லாமல் மூன்றையும் போட்டுக் காட்டி, இவர்களில் நோயாளி யார் என்று கேட்டுப் பார்க்கலாம்.

பெசன்சோன் பதிவைக் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது. அதில் ஈ ஃபிளாட் வால்ட்ஸ் முடிந்து கைத்தட்டல் ஓய்ந்ததும், ஜெனீவா தட்டின் கடைசிப் பாட்டை எடுத்துப் போட வேண்டும். ஏ ஃபிளாட் மேஜர், விரைவான நடை. அன்று மேடையில் வராமல் போன வால்ட்ஸ் அதுதான். இரண்டு மாதத்துக்கு முன்பே, ஜூலையில், அவர் அதை முழுமையாக வாசித்து வைத்துவிட்டார்.